நான்காம் இயந்திரத்துக்கு மட்டும்

மைதீன் சார், நேற்று நீங்கள் மதுரையிலிருந்து வந்து பதினோரு மணி நேரம் எங்கள் பிரவுசிங் சென்டரின் கேட்வே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். கோமதிசங்கர் அண்ணாச்சி வாங்கி வைத்த டீயெல்லாம் ஆடை படிந்து ஆறிப்போனது. டீயை மறந்து வேலை பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நீங்கள் என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னேன். எனக்கு நேரில் பேச வராது. அதனால் எழுதுகிறேன். உங்கள் அறிக்கை தேவதாசன் சாருக்குப் போவதற்கு முன்னால் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். பிராக்ஸியின் சேமிப்பில், அதாவது கேஷில், படங்களுக்கு வைத்திருந்த காலக்கெடு அளவுக்கு மீறியது என்றும், அதனால் டிசம்பர் 12ஆம் தேதிக்குப் பிறகு தேவதாசன் சார் பார்த்துவந்த அந்தப் படம் புதுப்பிக்கப்படவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமைத்தவரின் அனுபவக் குறைவே காரணம், உள்நோக்கம் எதுவும் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அது என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வரி என்று புரிந்தது. அண்ணாச்சிக்கும் நிம்மதி. “மெஷினு செஞ்ச தப்புக்கு நீ என்னம்மா செய்வ. ரெண்டு நாள் லீவு எடுத்துக்க, ஊருக்குப் போயிட்டு வா” என்றார்.

எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. என் அமைப்பில் பிழை இல்லை.

நான் வள்ளியூர்க்காரி. பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் வராததைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் காரணம் சொல்லவில்லை. பெண்கள் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. சமாதானபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத்தில் வேலையும் கிடைத்தது. போன வருடம் பூத்தை ஒட்டிய அறையில் ஐந்து கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார். ஐந்துக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு. ஒரு பக்கம் திறப்பதற்குள் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆறாவதாக ஒரு பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டு அதைக் கேட்வே ஆக்கினேன். அதில் பிராக்ஸியும் வைத்தேன். ஒருவர் பார்த்த பக்கத்தை அது எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவர் கேட்டால் உடனே கொடுக்கும்.

ஆனால் வருகிறவர்கள் பிரவுசரின் அமைப்பை மாற்றிவிட்டுப் போனார்கள். பிராக்ஸி சும்மா உட்கார்ந்திருந்தது. அதனால்தான் திருப்பும் விதியை எழுதினேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் தேவதாசன் சாரும் இதைப் படிக்க நேரலாம் என்பதால் சொல்கிறேன். ஒருவர் எந்த முகவரியைத் தட்டினாலும் அது கேட்வேயைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கேட்வே அதை வழியிலேயே பிடித்துப் பிராக்ஸியிடம் கொடுத்துவிடும். உட்கார்ந்திருப்பவர் எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை. நடுவில் ஒருவர் இருப்பது அவருக்குத் தெரியாது. அமெரிக்காவோடு நேராகப் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்.

முதலில் அது ஒழுங்காக ஓடவில்லை. கேட்வேக்குள்ளேயே இருக்கும் பக்கத்தைக் கேட்டால் அதையும் பிராக்ஸிக்குத் திருப்பியது. பிராக்ஸி அதை வாங்கப் போனால் அந்தக் கோரிக்கையையும் பிடித்து மறுபடி பிராக்ஸியிடமே கொடுத்தது. தன்னையே கேட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து திரை உறைந்துவிடும். தனக்கு வருவதை விட்டுவிடு என்கிற விலக்கை மேலேயும், மற்றதைத் திருப்பு என்கிற விதியைக் கீழேயும் வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற நாட்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்டு மாதம் தேவதாசன் சாரும் அவர் மனைவி சாலோமி அம்மாவும் வர ஆரம்பித்தார்கள். சார் பாபநாசம் அணையில் நீர்மட்டம் குறிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஜோஷுவா, அமெரிக்காவின் வடக்கே ஒரு சின்ன ஊரில் எம்.எஸ். படிக்கப் போயிருந்தான். அவனுடைய பல்கலைக்கழக நூலகத்தின் மேல் ஒரு காமிரா உண்டு. கீழே இருக்கும் சதுக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுத்து இணையத்தில் போடும். சனிக்கிழமை மாலை நமக்கு ஏழரை ஆகும்போது ஜோஷுவா அங்கே ஒரு விளக்குக் கம்பத்தடியில் வந்து நிற்பான். இவர்கள் இங்கே நான்காம் இயந்திரத்தில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பார்கள். மற்ற இயந்திரங்கள் எல்லாம் பஸ் சத்தம் கேட்கும் இடத்தில் இருந்தன. நான்காவது மட்டும் சுவரோரம்.

மௌஸைப் பிடிக்க இருவருக்கும் கை நடுங்கும். அதனால் சாலோமி அம்மா என்னை நடுவில் உட்கார வைத்தார். “நீ இங்கன நடுவுல இரி. அவுக அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்” என்றார். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முதலில் வானம், பிறகு மரம், பிறகு கம்பம். அதற்குள் இருவரும் என் தோள்களின் மேல் சாய்ந்துவிடுவார்கள்.

“ஏட்டி லேகா, கொஞ்சம் பெருசாக்கு. தாடி வச்சிருக்கானான்னு பாப்போம்.”

“பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும்மா.”

“கட்டமாத் தெரிஞ்சாலும் எம்புள்ளதான. ஆக்கு.”

சார் படத்தின் கீழ் மூலையைத்தான் முதலில் பார்ப்பார். காமிரா அங்கே தேதியையும் நேரத்தையும் பொறித்திருக்கும். “தேதி போடாத அளவ நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டு அனுப்பினதில்ல. இது சரியா இருக்கு” என்பார். சாலோமி அம்மா, “மூஞ்சியப் பாக்கச் சொன்னா மூலையப் பாக்காரு. அணையையே கெட்டிட்டு அழுதிருக்கலாம்” என்பார். ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பார்கள். சாலோமி அம்மா கொண்டுவரும் டப்பாவில் எனக்கென்று ஏதாவது இருக்கும். என் இரண்டு பக்கமும் மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் என்று என் வாரத்தில் அது ஒன்றுதான் இருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை சதுக்கம் காலியாக இருந்தது. அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவிட்டார்கள், அவன் நம்முடைய நேரத்தை மறந்துவிட்டான், அவ்வளவுதான். மறுநாள் மெயிலில் சொன்னான். ஆனால் அன்று இரவு சாலோமி அம்மா தூங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது முகம் வீங்கியிருந்தது. “காலிக் கம்பத்தப் பாத்ததுல இருந்து எனக்கு உசுரே இல்ல” என்றார். அன்று டப்பா கொண்டுவரவில்லை.

அதன் பிறகுதான் மூன்றாவது விதியை எழுதினேன். நீங்கள் நேற்று பார்த்தபோது இரண்டு விதிகள்தான் இருந்தன, சார். மூன்றாவதை ஜனவரி 9ஆம் தேதி காலையில் நான் அழித்துவிட்டேன். நான்காம் இயந்திரத்திலிருந்து வருவதை மட்டும் கேட்வேயின் வேறொரு வாசலுக்கு, அதாவது வேறொரு போர்ட்டுக்கு, திருப்பும் விதி அது. அங்கே நான் எழுதிய ஒரு சின்ன நிரல் காத்திருக்கும். சதுக்கத்தின் படத்தைக் கேட்டால், நான் எடுத்து வைத்த படத்தைக் கொடுக்கும். வேறு எதைக் கேட்டாலும் பிராக்ஸியிடம் விட்டுவிடும். ஏழரைக்கு நான் கேட்வேயில் உண்மையான படத்தை இறக்கிப் பார்ப்பேன். ஜோஷுவா நின்றால் அதையே அனுப்புவேன். நிற்காவிட்டால் பழைய படம். இரண்டு நிமிட வேலை. நான் நடுவில் வந்து உட்காரும்போது படம் தயாராக இருக்கும்.

கேஷில் பழைய படம் தங்கிவிட்டது என்கிறீர்கள். தங்கியிருந்தால் அதில் பழைய தேதியும் தங்கியிருக்கும். தேவதாசன் சார் அதை முதல் பார்வையிலேயே பிடித்திருப்பார். கேஷ் தேதியைத் திருத்தாது, சார். நான் திருத்தினேன். மற்ற நாட்களின் படங்களிலிருந்து எண்களை முன்கூட்டியே வெட்டி வைத்து, புள்ளி பிசகாமல் ஒட்டினேன். அவர் ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கிறது, அது தவறாகவும் இருக்கலாம்.

முதல் தடவை நவம்பரில். ஜோஷுவா தூங்கிவிட்டான், அவன் நிற்கும் பழைய படத்தைக் கொடுத்தேன். மறுநாள் அவனுடைய மெயில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பான். சாருக்கு அது வாசிக்க வராது, நான்தான் வாசித்துக் காட்டுவேன். நேற்று வரமுடியவில்லை, மன்னிச்சிரு அம்மா என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். அவனுக்கும் திட்டு விழவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை.

வார நாட்களிலும் சில நேரம் அந்தச் சதுக்கத்தைப் பார்ப்பேன். அவன் புத்தகப் பையோடு குறுக்கே நடந்து போவான். சில நாள் பெஞ்சில் உட்கார்ந்து எதையோ சாப்பிடுவான். எந்தப் படத்திலும் அவன் பக்கத்தில் ஆள் இருந்ததில்லை. எனக்கு அவனைத் தெரியும் என்று தோன்றும்.

டிசம்பரில் அவனுடைய ஆய்வகத்தை மூன்று வாரம் மூடிவிட்டார்கள். இனி மெயில் வராது, சனிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தான். வீட்டில் இருந்த மற்ற மூன்று மாணவர்களும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குச் சார் சொல்லியிருப்பார். காய்ச்சல், பிறகு நுரையீரலில் சளி. செலவுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்திருக்கிறான். மற்றவர்கள் ஜனவரி 8ஆம் தேதி திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளோ கிறிஸ்துமஸ் அன்றோ இறந்திருக்கலாம் என்று அங்கே உள்ள டாக்டர்கள் சொன்னார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தேவதாசன் சார் சென்டருக்கு வந்தார். தனியாக வந்தார். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

“வே கோமதிசங்கரு, ஒண்ணு கேக்கணும். ரெண்டாந்தேதி நாங்க அவனப் பாத்தோம். இருபத்தாறாந்தேதியும் பாத்தோம். தேதி போட்டிருந்துச்சு, நானே பாத்தேன். அவன் போயி ஒரு வாரம் கழிச்சு அங்கன நின்னது யாரு?”

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். சார் உட்காரவில்லை. “அவ ஆவின்னு சொல்லுதா. எனக்கு அப்படிச் சொல்ல வரல. நம்பரு தப்புன்னா தப்புன்னு சொல்லிரும், நான் போயிருதேன்” என்றார். நான் ஒன்றாம் இயந்திரத்தின் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அண்ணாச்சி உங்களுக்கு மதுரைக்குப் போன் செய்தார்.

இருபத்தாறாம் தேதிக்கும் இரண்டாம் தேதிக்கும் நான் கொடுத்த படங்களைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் சதுக்கம் காலி. ஆனால் அப்போது அவன் உயிரோடு இல்லை. காலிச் சதுக்கத்தை அவர்கள் பார்த்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இருபத்தாறாம் தேதி சாலோமி அம்மா, “கிறிஸ்துமஸ் பண்டியல் முடிஞ்சும் அதே நீலச் சட்டையத்தான் போட்டிருக்கான். தொவைக்கானா இல்லையா தெரியலயே” என்று சிரித்தார். இரண்டு வாரம் அதிகமாகச் சிரித்தார். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 3 ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் பூத்திலிருந்து அவனுக்குப் போன் செய்வார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சார் திரும்பத் திரும்பப் போட்டார். “எடுக்க மாட்டேங்கானே” என்று என்னைப் பார்த்தார். நான், “நேற்றுத்தானே பார்த்தோம் சார், கடைக்குப் போயிருப்பார்” என்றேன். “அதுவும் சரிதான். நேத்துப் பாத்தவன இன்னைக்கு என்ன தேடுறது” என்று போனை வைத்தார். அந்தத் தேதியிலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. இதையும் யோசித்துவிட்டேன்.

அதனால் மிச்சம் இருப்பது டிசம்பர் 19 ஒன்றுதான்.

அன்று அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சாலோமி அம்மா முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார். நான்காம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிறிஸ்துமஸுக்கு நீ எங்க வீட்டுக்கு வந்துரணும் பாத்துக்க. ஹாஸ்டல்ல ஒத்தையில கெடக்கப்படாது. ஒனக்கு ஒரு சேல எடுத்திருக்கேன்.”

“எதுக்கும்மா.”

“எதுக்காம். எம்புள்ளயக் காட்டுதவளுக்கு நான் சேல எடுக்கக் கூடாதாக்கும்.”

சார், “கலரு அவளுக்குப் புடிக்கான்னு கேளு மொதல்ல” என்றார். “புடிக்காட்டா நீங்க கெட்டிக்கிடுங்க” என்றார் அம்மா.

நான் விடுதியில் சேர்ந்த பிறகு ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை, சார். கூப்பிட்டவர்களும் இல்லை. ஏழரை ஆனது. படம் போடுகிறேன் என்று எழுந்து கேட்வேக்குப் போனேன். உண்மையான படத்தை இறக்கினேன்.

அது காலிச் சதுக்கம் என்றுதான் நீங்கள் இதுவரை நினைத்திருப்பீர்கள். நானும் அப்படி நினைக்க விட்டேன். சதுக்கம் காலியாக இல்லை. பனி பெய்துகொண்டிருந்தது. ஜோஷுவா கம்பத்தடியில் நின்றான். அடுத்த நிமிடத்துப் படத்தையும் இறக்கினேன். அதிலும் நின்றான், அதே மாதிரி. அதற்கடுத்ததிலும் நின்றான். அதில் கம்பத்தில் சாய்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து சாலோமி அம்மா, “வந்துட்டானாட்டி?” என்று கேட்டார். “வந்துட்டார்மா” என்றேன். அது பொய்யில்லை. டிசம்பர் 12ஆம் தேதிப் படத்தில் தேதியை மாற்றினேன். அன்று மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆனது. பிறகு போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். வானம் இறங்கியது, மரம் இறங்கியது, கம்பம் இறங்கியது. சார் மூலையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு வாரம் அவன் பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் எனக்குத் தெரிந்தவன், தனியாக இருந்து பழகியவன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அடுத்த சனிக்கிழமை உண்மையான படத்தைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். சேலை பச்சை நிறம். சாலோமி அம்மாவே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். ஜோஷுவா உட்காரும் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

நீங்கள் அறிக்கையை மாற்றி எழுதுவதற்கு இன்னும் ஒரு விவரம் வேண்டும். தேவதாசன் சார் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு இது பயன்படவே இல்லை. ஜோஷுவா இருந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. இங்கிருந்து போட்டால் எடுக்கலாம். அதற்காக அவன் அங்கே போய்ச் சேர்ந்ததுமே போனில் அப்பாவும் மகனும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் சனிக்கிழமையே சாலோமி அம்மா அதை எனக்குச் சொல்லிவிட்டார். கம்பத்தடியில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு கையையும் தூக்கினால் உடனே எனக்குப் போன் போடுங்கள் என்று அர்த்தம். போன் பூத் எங்கள் அறைக்கு அடுத்த கதவு.

டிசம்பர் 19ஆம் தேதி, மூன்று படங்களிலும், ஜோஷுவா இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான்.